மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சோற்றைக் குறையுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. ஏழு வருடமாகச் சர்க்கரை, மூன்று வருடமாக பிரஷர். எடை 74 கிலோ. போன மாதம் எடுத்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) 8.9. மெட்ஃபார்மின், கிளிமிபிரைட், டெல்மிசார்ட்டான் மாத்திரைகள் சாப்பிடுகிறேன். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட் நார்மல். புதிதாகப் பார்த்த டாக்டர், "மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி மாவுச்சத்தைக் குறைச்சுப் பாருங்க. சோறு, இட்லி, சப்பாத்திக்குப் பதிலா முட்டை, மீன், பனீர், காய்கறி சாப்பிடுங்க. நெய், தேங்காய்க்குப் பயப்பட வேண்டாம்" என்று சொல்லி ஒரு தாள் கொடுத்தார். வெளியே பெரிய கூட்டம், எதையும் விவரமாகக் கேட்க முடியவில்லை. மறுநாளே சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் தலைவலி, கை நடுக்கம், எழுந்து நின்றால் தலைசுற்றல். மாமியார், "நெய்யைத் தின்னு நெஞ்சடைப்பை வரவழைச்சுக்காதே" என்கிறார். தொடரலாமா? சனிக்கிழமை எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது, அன்றைக்கு என்ன சாப்பிடுவது? என் 14 வயது மகளும் எடை குறைய இதையே சாப்பிடுகிறேன் என்கிறாள். சரியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தொடரலாம், சகோதரி. ஆனால் டாக்டரிடம் மறுபடி ஒருமுறை பேசிய பிறகு. அதுவரை பழையபடியே சாப்பிடுங்கள். டாக்டர் சொன்ன யோசனையில் தப்பில்லை. சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றிவிட்டீர்கள், மாத்திரையின் அளவு மட்டும் அப்படியே நிற்கிறது. சிக்கல் அங்கேதான்.

உங்கள் மூன்று மாத்திரைகளும் ஒரே மாதிரி வேலை செய்பவை அல்ல. மெட்ஃபார்மின் கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை ரத்தத்தில் விடாமல் பார்த்துக்கொள்கிறது. அது மட்டும் இருந்தால் சோற்றைக் குறைத்ததும் சர்க்கரை தடாலென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைட் அப்படியில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது அது. காலையில் நாலு இட்லி சாப்பிடுபவர் என்று கணக்குப் போட்டு எழுதிய அளவு. ஒரு இட்லியில் சுமார் 10 கிராம் மாவுச்சத்து. நாலு இட்லி போய் அந்த இடத்தில் இரண்டு முட்டை வந்தால் 40 கிராம் ஒன்றிரண்டு கிராமாகிவிடுகிறது. சுரந்த இன்சுலின் சும்மா இருக்குமா? அந்தக் கை நடுக்கம் லோ சுகராக இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

அடுத்த தடவை நடுக்கமோ வேர்வையோ படபடப்போ வந்தால் முதல் வேலையாக குளுக்கோமீட்டரில் பாருங்கள். வீட்டில் இல்லையென்றால் இந்த வாரமே ஒன்று வாங்கிவிடுங்கள். 70-க்குக் கீழே காட்டினால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட வேண்டும். "நான் டயட்டில் இருக்கிறேனே" என்று அந்த நேரத்தில் யோசிக்கவே கூடாது. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை அதே அளவு. ஏறிய பிறகு கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். மீட்டர் கையில் இல்லாத இடத்தில் சந்தேகம் வந்தாலும் சர்க்கரைத் தண்ணீர்தான். ஒரு வேளை சர்க்கரை ஏறினால் சரிசெய்துகொள்ளலாம், இறங்கி மயங்கி விழுந்தால் ஆபத்து.

சில சமயம் மீட்டர் 100, 110 என்று காட்டும்போதே படபடக்கும். பல மாதமாக 250-க்குப் பழகிய உடம்பு 110-ஐயே குறைவு என்று எடுத்துக்கொள்ளும். இது நாளடைவில் சரியாகிவிடும், சர்க்கரை அள்ளிப் போட வேண்டாம்.

நின்றால் தலைசுற்றுவதற்கு வேறு காரணமும் உண்டு. மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விட ஆரம்பிக்கிறது, கூடவே தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் எடை இரண்டு மூன்று கிலோ இறங்கியதாகச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். தலைவலி, அசதி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாமே இதில் அடக்கம். பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்தைக் குறைக்கும் உணவு முறைகளை ஆரம்பித்த பலருக்கும் முதல் வாரத்தில் இது வரும். பிரஷர் இல்லாதவர்களுக்கு உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர் போதும். நீங்களோ பிரஷர் மாத்திரையான டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறீர்கள். தண்ணீர் வடிந்ததில் பிரஷர் தானாகவே இறங்கியிருக்கலாம், அதற்கு மேல் மாத்திரையும் இறக்கினால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டத்தான் செய்யும். உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று இரண்டு மூன்று நிமிடத்தில் ஒருமுறை பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். அந்த எண்களைப் பார்த்து, உப்பைக் கூட்டுவதா மாத்திரையைக் குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கிற 'லோ சோடியம்' உப்பை நீங்கள் வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். டெல்மிசார்ட்டான் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கிற மாத்திரை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

ஆக, டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: "சோற்றைக் குறைத்தால் கிளிமிபிரைடை எவ்வளவு குறைக்கணும்? பிரஷர் எவ்வளவுக்குக் கீழே போனால் டெல்மிசார்ட்டானைக் குறைக்கணும்?" கூட்டம் இருந்தாலும் இந்த இரண்டு கேள்விக்கு இரண்டு நிமிடம் போதும். தாளில் எழுதியே கொண்டுபோங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் சீட்டில் இல்லாவிட்டாலும், இதைப் படிக்கிற வேறு பலரின் சீட்டில் டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் இருக்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள். இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடிப்போகிற ஆபத்து உண்டு. மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது, அதனால் வீட்டிலிருப்பவர்கள் ஏமாந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள் யாரும் இந்தப் பதிலைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள்.

மாமியார் சொல்வது பாதி சரி. சோறும் சர்க்கரையும் மிஞ்சும்போது கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் விடுகிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் பெரும்பாலானவர்களுக்கு ட்ரைகிளிசரைடு இறங்கும், நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் கொஞ்சம் ஏறும். அது நல்ல செய்தி. கெட்ட கொழுப்பான எல்டிஎல் அப்படியில்லை. சிலருக்கு அசையாது, சிலருக்கு எக்கச்சக்கமாக ஏறிவிடும். "எல்டிஎல் ஏறினால் கவலை வேண்டாம், அது நல்ல வகை எல்டிஎல்" என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ள 46 வயதுக்காரருக்கு எல்டிஎல் ஏறுவது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். இப்போதே வெறும் வயிற்றில் லிப்பிட் புரொஃபைல் என்கிற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி-யோடு சேர்த்து மறுபடி எடுங்கள். சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் ஒருமுறை.

'நிறைய கொழுப்பு' என்றதும் பலர் டீயில் வெண்ணெயைக் கரைக்கிறார்கள், நெய்யைக் கரண்டியில் குடிக்கிறார்கள். அது தேவையே இல்லை. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 120 கலோரி. பேலியோ சாப்பிடுபவர்களிடம் காலையில் 100 பாதாம் என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அது ஏறக்குறைய 700 கலோரி. எடையும் குறைய வேண்டியவருக்கு அது எதற்கு? உங்கள் வயிற்றில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொழுப்பைக் கரைக்கத்தானே இந்தப் பாடு! மீன் வறுக்க, பொரியல் தாளிக்க எண்ணெய்க் கணக்குப் பார்க்க வேண்டாம், பொரியலில் தேங்காய்த் துருவலைத் தாராளமாகப் போடலாம். இந்த வைத்தியத்தில் கொழுப்புக்கு அவ்வளவுதான் வேலை. தாளிக்க நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பெரும்பங்கு இருக்கட்டும், நெய் மணத்துக்கு. நெய்யிலும் தேங்காய் எண்ணெயிலும் எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு அதிகம்.

தட்டில் முதல் இடம் புரதத்துக்குத்தான். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனிலோ பனீரிலோ 20 கிராம் அளவு. உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 70 கிராம் வந்தால் நல்லது. அடுத்தது காய்: கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கு, சுரை, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், எந்தக் கீரையும். உருளை, மரவள்ளி, சேனை வேண்டாம். காலையில் வெங்காயம், தக்காளி, கீரை போட்டு மூன்று முட்டைப் பொடிமாஸ். மதியம் இரண்டு பொரியல், மீன் குழம்பு, தயிர். குழம்பு வீட்டுக்கெல்லாம் வைப்பதுதான். தனிச் சமையல் வைத்தீர்களென்றால் ஒரே மாதத்தில் அலுத்துவிடும், இதை விட்டவர்களில் பலர் அலுத்துப்போய்த்தான் விட்டார்கள்.

சோற்றை அறவே விட வேண்டுமா? அவசியமில்லை. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தாலே குறைமாவு உணவுதான். ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம். மதியம் அரை கப் சோறு வைத்துக்கொண்டு இரவில் மட்டும் இட்லி, தோசை, சப்பாத்தியை நிறுத்தி முதல் இரண்டு வாரம் ஓட்டுங்கள். மீட்டர் சொல்வதைப் பார்த்து, மாத்திரை குறையக் குறைய, காலையையும் மாற்றலாம். ஒரே நாளில் 20 கிராமுக்கு இறங்குவது மருத்துவமனை மேற்பார்வையில் செய்ய வேண்டிய வேலை.

சோற்றை விட்டுவிட்டுக் கம்பு, தினை, சாமைக்குத் தாவாதீர்கள். 100 கிராம் பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சிறுதானியங்களில் 60-க்கு மேல். ராகிக் கஞ்சியைக் குடித்துவிட்டு சர்க்கரை ஏன் ஏறியது என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்களும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் கணக்கு 2025-ல் வெளியானது. நம்மவர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அளவைக் குறைக்காமல் அரிசியிலிருந்து கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதில் பெரிய பலன் தெரியவில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி எல்லாம் சர்க்கரைதான்.

இது புதுசாக வந்த ஃபேஷன் என்று மாமியார் சொன்னால், 1863-லேயே லண்டனில் வில்லியம் பாண்டிங் என்பவர் தன் டாக்டர் சொல்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விட்டு எடை குறைந்ததை எழுதி அச்சிட்டார் என்று சொல்லுங்கள். இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சர்க்கரை நோயாளிகளுக்கு மாவுச்சத்தைக் குறைப்பதே முக்கிய வைத்தியமாக இருந்தது. மாமியார் கேட்பாரா என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமைக்குப் பெரிய கவலை வேண்டாம். பனீர் புர்ஜி, காளான் மிளகு வறுவல், தயிரில் வெள்ளரி, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. பாதாமுக்கு ஆகும் செலவில் பாதி கூட இல்லாமல் வேர்க்கடலையில் அதைவிடச் சற்று அதிகப் புரதம் கிடைக்கும். கைப்பிடியோடு நிறுத்த வேண்டும், அதுதான் கஷ்டம். பருப்பிலும் சுண்டலிலும் புரதம் உண்டு, மாவுச்சத்தும் கணிசமாக உண்டு. தெளிவான சாம்பார் பரவாயில்லை, பருப்புச் சாதம் வேண்டாம். புரட்டாசி மாதம் முழுக்க விரதம் என்றால் முட்டையும் போய்விடும். அதற்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவையுங்கள். மலச்சிக்கல் வந்தால் கீரையையும் தண்ணீரையும் கூட்டுங்கள், இரவில் ஒரு ஸ்பூன் இசப்கோல்.

கல்யாண வீட்டில் இலை போட்டால் சாப்பிடுங்கள். மறுநாள் பரிகாரமாகப் பட்டினி கிடக்காதீர்கள். கிளிமிபிரைடும் பட்டினியும் சேரவே கூடாது.

மகளுக்கு இந்த உணவு முறை வேண்டாம். 14 வயது வளர்கிற வயது, மாத்திரையும் இல்லை, நோயும் இல்லை. தட்டைப் பார்த்துப் பயந்து சாப்பிடும் பழக்கம் இந்த வயதில் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கஷ்டம். அவளுக்குச் சோறு, சப்பாத்தி எல்லாம் இருக்கட்டும், கூட ஒரு முட்டையும் ஒரு காயும் போடுங்கள். மாலையில் பஃப்ஸும் குளிர்பானமும் வாங்குவதை நிறுத்திவிட்டு, தினமும் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். கழுத்தின் பின்புறம் கருமை படர்ந்திருந்தாலோ மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனாலோ ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டி, எடை, உயரம், சர்க்கரை பார்த்துவிடுங்கள்.