வயிற்றுக் கிருமிதான் மாரடைப்புக்குக் காரணமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. சென்ற ஆண்டு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் சாப்பிடுகிறார். வயிற்றெரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்தபோது எச்.பைலோரி கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். மாரடைப்பு இதனால் வந்திருக்குமா? கிருமியை ஒழித்துவிட்டால் மறுபடி வராதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இதனால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது அம்மா. சந்தேகம் மட்டும் 1994 முதல் இருக்கிறது. இதயத் தமனி நோயாளிகளிடம், இக்கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் அதிகம் காணப்படுவதாக லண்டன் ஆய்வாளர்கள் அந்த ஆண்டு எழுதினார்கள்.

சந்தேகத்தில் நியாயம் உண்டு. பெரும்பாலும் சிறுவயதிலேயே இரைப்பையில் குடியேறும் கிருமி இது. மருந்து கொடுக்காவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அங்கே ஓயாமல் நடக்கும் அழற்சியின் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்து தமனியின் உட்சுவரையும் பாதிக்கலாம். சிலருக்கு நல்ல கொழுப்பு குறைகிறது. வைட்டமின் பி12 சரியாக உறிஞ்சப்படாமல், இதய நோயுடன் தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் கூடுவதும் உண்டு.

ஆனால் உலகில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கும் கிருமி இது. நெருக்கடியான வீடு, சுத்தமில்லாத தண்ணீர் என வறுமை உள்ள இடத்தில் அதிகம் பரவுகிறது. இதய நோய்க்கும் வறுமைக்கும் தனியே தொடர்பு உண்டு. அதைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளில் கிருமியின் பங்கு வெகுவாக மெலிந்துவிடுகிறது. கிருமியை ஒழித்தால் மாரடைப்பு குறையும் என்பதும் நிரூபணமாகவில்லை. உங்கள் கணவர் புகைபிடிப்பவரா, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் சந்தேகப்படுவது அவற்றைத்தான்.

இருந்தும் அவருக்குச் சிகிச்சை அவசியம். இக்கிருமி உள்ள வயிற்றில் ஆஸ்பிரினும் சேர்ந்தால் புண் ஏற்பட்டு ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் அதை இன்னும் கூட்டும். ஆஸ்பிரின் சாப்பிடும் 60 வயதைக் கடந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், கிருமிக்குச் சிகிச்சை பெற்றவர்களிடம் இத்தகைய ரத்தக்கசிவு முதல் இரண்டரை ஆண்டுகளில் நன்றாகவே குறைந்தது. அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டென்டில் ரத்தம் உறைந்துவிடக்கூடும்.

வயிற்று மருத்துவரிடம் போகும்போது இதய மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். இக்கிருமிக்கு வழக்கமாகத் தரப்படும் கிளாரித்ரோமைசின், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடினுடன் சேர்ந்தால் தசைகளைச் சிதைக்கக்கூடும். வயிற்று அமிலத்தைக் குறைக்கத் தரும் ஒமிப்ரசோல், குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். அதே வகையைச் சேர்ந்த பான்டோபிரசோலால் அந்தத் தொல்லை குறைவு. பெரும்பாலும் 14 நாள் மருந்து தருவார்கள். வாய் கசக்கிறது என்று பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். பிஸ்மத் மாத்திரை இருந்தால் மலம் கறுப்பது இயல்பு. தார்போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்துடன், தலைசுற்றலும் சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமி ஒழிந்ததா என்று பாருங்கள். கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் நீடிக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது.

நெஞ்சு எரிந்தால் 'எல்லாம் அந்தக் கிருமிதான், வாய்வுதான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுக்க விடாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் 108ஐ அழைத்துவிடுங்கள்.