ஹெராயின் கொடுத்த வரமா?

கேள்வி: ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன் வாசிப்பு, ஹெராயின் கொடுத்த வரம் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா?
- வாசகர், திருச்சி

பதில்: உண்மைக்கு நேர் எதிர். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் 1955இல் சேர்ந்த கோல்ட்ரேன், போதையில் மேடையிலேயே தூங்கி வழிந்தார். 1957இல் டேவிஸ் அவரை வெளியே அனுப்பினார். கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் அம்மா வீட்டுக்குப் போய், ஹெராயினையும் குடியையும் ஒருசேர விட்டார். அதே ஆண்டு நியூயார்க்கில் பியானோ மேதை தெலோனியஸ் மங்குடன் மாதக்கணக்கில் வாசித்தார். இன்று நாம் வியக்கும் கோல்ட்ரேன் அதற்குப் பிறகுதான் வருகிறார்.

1959இல் பதிவான ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ கேளுங்கள். மின்னல் வேகம், மூச்சு விடுவதற்குள் சுருதி மையம் இடம் மாறிவிடும். பியானோ வாசித்த டாமி ஃபிளானகன் சாதாரண ஆள் இல்லை. அவரே தன் முறை வரும்போது திணறுவது பதிவில் கேட்கிறது. கோல்ட்ரேன் திணறவில்லை, ஏனென்றால் அந்தப் பாதையில் அவர் முன்பே ஆயிரம் முறை நடந்திருந்தார். கச்சேரி இடைவேளையில்கூட சாதகம் செய்த மனிதர் அவர்.

1964 டிசம்பரில் ‘எ லவ் சுப்ரீம்’. கடவுளுக்கு நன்றி சொல்லி அவரே எழுதிய கவிதை அந்த இசைத்தட்டின் உறையில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் பகுதியைக் கேளுங்கள். வரிக்கு வரி, அசைக்கு அசை, சாக்ஸபோன் அந்தக் கவிதையை வாசித்துக்கொண்டே போகிறது. 1957இல் தனக்கு ஆன்மிக விழிப்பு வந்ததென்று அதே உறையில் எழுதியிருக்கிறார். அவர் நன்றி சொன்னது ஊசிக்கு அல்ல.

இந்தக் கட்டுக்கதை உயிர்களைக் குடித்திருக்கிறது. என் கோபம் அதனால்தான். சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரைப் போல வாசிக்க ஆசைப்பட்ட இளைஞர்கள் பலர் அவருடைய ஊசியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். பார்க்கர் 1955இல் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார். இன்னொரு சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸ் 1955இல் லெக்சிங்டன் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று போதையிலிருந்து மீண்டார். அடுத்த ஆண்டே ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தார்.

கோல்ட்ரேன் கல்லீரல் புற்றுநோயால் 1967இல், 40 வயதில் போய்விட்டார். தெளிந்த பிறகு அவருக்குக் கிடைத்தது பத்தே ஆண்டு. அந்தப் பத்தாண்டு இசைக்குப் பக்கத்தில் வைக்க, போதையில் வாசித்த நாட்களிலிருந்து ஒரே ஒரு இசைத்தட்டை உங்கள் நண்பர் எடுத்துக் காட்டட்டும்.