‘அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கு வயது 36. நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு தவிர நான் செய்ய வேறென்ன இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரை ஊர்க்காரி. இரத்தக்கொதிப்புக்கு அம்மாவைப் பறிகொடுத்து, மாரடைப்பிலிருந்து அப்பாவை மீட்ட வீட்டில் பிறந்தவள். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

அம்மா பீடி சுற்றினாள், ஒரு நாளும் குடித்ததில்லை. மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியும்வரை எழுந்திருக்க மாட்டாள். தலை வலிக்கிறது என்பாள், தைலம் தேய்த்துக்கொள்வாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்றால் அரை நாள் வேலை போகும். அந்த வாரக் கூலி குறையும். குழுக்கடன் தவணை நின்றுவிடும். அவளுக்கு பி.பி. இருந்ததே பக்கவாதம் வந்து விழுந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அது 2009. அவளுக்கு வயது 52. மூளையில் ரத்தக்குழாயைக் கெடுக்கும் அதே கொதிப்புதான் இதயத்திலும் கெடுக்கிறது, அதனால்தான் அம்மா கதையை முதலில் சொன்னேன். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே வந்து ஒரு பெண் பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்தபோது, நான் வாசலில் நின்று அழுதுவிட்டேன்.

அப்பா பஸ் டிரைவர். 1953-லேயே ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட மாடி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று எழுதினார். அப்பாவுக்கு உட்காரும் வேலையோடு இன்னும் சிலவும் சேர்ந்தன: ஸ்டாண்டில் டீ, ராத்திரி புரோட்டா சால்னா, அரைத்தூக்கம், ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. ‘பீடிதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை’ என்று எங்கள் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. பீடிப் புகையில் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் குறைவில்லை.

ஆனாலும் வேலையில் இருந்த காலமெல்லாம் தாக்குப்பிடித்தார். விழுந்தது ரிட்டயர் ஆன பிறகு, அம்மா இல்லாத வீட்டில். நான் கல்யாணமாகித் தூத்துக்குடியில் இருந்தேன். மாத்திரை தீர்ந்தால் வாங்கிவைக்க ஆளில்லை. ஒரு ஆளுக்கு எதற்கு உலை வைக்க வேண்டும் என்று ராத்திரி கடைச் சாப்பாடு; இல்லையென்றால் பழையதும் ஊறுகாயும் அப்பளமும். (அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் சோடியம்தான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூனுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளம், கருவாடு, வத்தல், மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.)

2012-ல் ஒரு விடிகாலை போனில் குரல் சரியில்லை. வேர்க்கிறது, தாடை வலிக்கிறது என்றார். “ஒண்ணுமில்லட்டி, வாயுதான். சோடா குடிச்சிருக்கேன்” என்றார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியை எழுப்பி, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தபோது வலி தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பிழைத்தார். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் செத்த இதயத் தசை திரும்ப வரவில்லை. நெஞ்சழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை வந்தால் சோடா தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வெறும் மூச்சிரைப்பும் அசதியும் குமட்டலுமாகக்கூட வரும். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

‘வேறென்ன’ என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், அப்பா வீடு திரும்பிய பிறகு நடந்ததுதான். என்னோடு வர மறுத்துவிட்டார். அதனால் ஊரிலேயே ஆள் சேர்த்தேன். மத்தியானச் சாப்பாடு சித்தி வீட்டில், அவர்களோடு உட்கார்ந்து. மாத்திரை டப்பா எதிர்வீட்டு மயினியின் கண் படும் திண்ணை மாடத்தில். காலை ஐந்தரைக்கு அப்பாவின் பழைய கூட்டாளிகள் இரண்டு பேர் கதவைத் தட்டுவார்கள். “என்னவே, இன்னும் படுக்கையா? வாரும், வெயில் ஏறீரும்.” கன்னடியன் கால்வாய்க் கரையோடு நடந்து, ஆற்றில் குளித்து வருவார்கள். வீட்டுக்கு வீடு மோட்டார் வந்து நின்றுபோயிருந்த வழக்கம் அது. வாரத்துக்கு 150 நிமிடம் நடக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு செய்யாததை அந்தக் கதவுத் தட்டல் செய்தது. பீடியை மூன்று முறை விட்டுத் திரும்பத் தொடங்கினார். நாலாவது முறை, கரையில் யாரும் பற்றவைக்கக் கூடாது என்று கூட்டாளிகள் சொன்ன பிறகுதான் ஒரேயடியாக நின்றது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தனிமையிலும் ஒட்டுறவு இல்லாமலும் வாழ்பவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு 29 சதவீதம் கூடுதல் என்று 2016-ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கண்டது. லண்டன் அரசு ஊழியர்களிடம் 1967-ல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வில், ஒரே அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களில் கடைநிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிட மிக அதிகமாக மாரடைப்பில் இறந்தார்கள். புகை, பி.பி., கொழுப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் பெரும்பகுதி வித்தியாசம் அப்படியே நின்றது. தன் வேலை தன் கையில் இல்லை என்ற நிலை உடம்புக்குள் போய்விடுகிறது. கூலிக்குப் பயந்து எழுந்திருக்காத அம்மாவை நினைத்தால் எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவுக்கு 55-க்குள் வந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த வயது அவர்களுக்கு முக்கியம். பி.பி., சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். இடுப்புச் சுற்று ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எடை சரியாக இருந்தாலும் கவனியுங்கள். 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் சுமார் 90 சதவீதத்தை ஒன்பது காரணங்களுக்குள் அடக்கியது. அந்த ஒன்பதில் மன அழுத்தமும் ஒன்று. இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு ஐந்தாறு வயது முந்தியே வருவதையும் அதே ஆய்வில் கண்டார்கள். பிறகு, உங்களோடு நடக்க ஒரு ஆளைப் பிடியுங்கள்.

அப்பா இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். போன தை மாதம் கூட்டாளிகளில் ஒருவரை மகன் சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டார். இன்னொருவருக்கு முழங்கால் வலி. கதவு தட்டுவது நின்று பத்து நாளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது மேலத்தெரு வாத்தியார் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். பிசான நெல் அறுப்பு முடியட்டும், நானே வந்து எழுப்புகிறேன் என்றிருக்கிறார்.