கணவர் ரிமாண்டில், கையில் பணமில்லை: வக்கீலுக்கு எங்கே போவது?

கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: வாய்க்கால் மடையைத் திறப்பதில் பக்கத்து வயல்காரரோடு தகராறு. என் கணவர் மண்வெட்டியால் அடித்துவிட்டார், என் கணவருக்கும் தலையில் அடி. நேற்று ரிமாண்ட் செய்துவிட்டார்கள். ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ஒருவர், நாற்பதாயிரம் கொடுத்தால் செக்‌ஷனைக் குறைத்து மூன்று நாளில் வெளியே எடுக்கலாம் என்கிறார். ஐந்து மா நிலம் இருப்பதால் இலவச வக்கீல் கிடைக்காது, கிடைத்தாலும் கேஸ் தோற்றுவிடும் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

அம்மா, முதலில் அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். தோட்டை அடகு வைக்கப் போயிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

செக்‌ஷனைக் குறைப்பது டீக்கடையில் நடக்கிற வேலை இல்லை. எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போய்விட்டது. அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள், அதைப் பெற உங்கள் கணவருக்கு உரிமை உண்டு. அதில், பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1), அதாவது ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவது, மட்டும் இருந்தால் அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு, மாஜிஸ்திரேட்டே ஜாமீன் தரலாம். 109, அதாவது கொலை முயற்சி, சேர்த்திருந்தால் பெரும்பாலும் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். எந்த எண் என்று தெரியாமல் 'மூன்று நாள்' என்று சொல்கிறவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்.

இப்போது நிலம் விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பொய்யில்தான் நம் பக்கத்து ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, யார் யாருக்கு இலவச உதவி என்று வரிசையாகச் சொல்கிறது. வருமானம் குறைந்தவர்கள் அதில் ஒரு வகை. காவலில் இருப்பவர் தனி வகை. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஐந்து மா இல்லை, ஐந்து வேலி இருந்தாலும் உள்ளே இருக்கிறவருக்கு வக்கீல் உண்டு. ஆகவே யாராவது வருமானச் சான்று கேட்டால், 'அவர் காவலில் இருக்கிறார், 12-வது பிரிவு' என்று சொல்லுங்கள், அதற்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலையாதீர்கள். ஆனால் அவர் ஜாமீனில் வந்த பிறகு புதிதாக விண்ணப்பித்தால் இந்தச் சலுகை இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்ற வேறு வகையில் வராவிட்டால் அப்போது வருமான வரம்பைப் பார்ப்பார்கள். அதனால் விண்ணப்பத்தை இப்போதே, அவர் உள்ளே இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

எங்கே கொடுப்பது? கும்பகோணம் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது, மாவட்ட ஆணைக்குழு தஞ்சாவூரில். போக முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை. உங்கள் கணவரே ஜெயில் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாலும் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லட்டும், எழுதிக்கொள்வது அவர்கள் வேலை. அடுத்த முறை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தும்போது 'எனக்கு வக்கீல் இல்லை, வேண்டும்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். தலையில் அடிபட்டதையும் அப்போதே காட்டட்டும்.

அப்புறம் வக்காலத்து, அதாவது 'இவர்தான் என் வக்கீல்' என்று கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுக்கிற தாள். புரோக்கர்கள் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்: ஜெயில் வாசலில் மஞ்சள் பையிலிருந்து நிரப்பாத வக்காலத்துத் தாளை எடுப்பார்கள், உள்ளே கையெழுத்து வாங்கி வருவார்கள், வக்கீல் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். எவர் பெயரை எழுதினாலும் அப்புறம் அவர்தான் உங்கள் வக்கீல். பிறகு இலவச வக்கீலை வைக்க நினைத்தால் பழையவரின் சம்மதம் வேண்டும், அல்லது கோர்ட் அனுமதி வேண்டும், அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். காலித் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று, ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்க்கப் போகும்போது சொல்லிவிடுங்கள்.

இலவச வக்கீல் என்றால் மட்டம் என்பதும் கட்டுக்கதை. இப்போது பல மாவட்டங்களில் குற்ற வழக்குகளை மட்டும் நடத்துவதற்கென்றே சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல்களை நியமித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊதியத்தை ஆணைக்குழு தருகிறது. அவர்களில் யாராவது 'செலவுக்கு' என்று கை நீட்டினால் கொடுக்காமல் ஆணைக்குழுச் செயலாளரிடம் புகார் எழுதுங்கள்.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதே, நோட்டீஸ் கொடுத்து விசாரி என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது. அப்புறமும் மடைத் தண்ணீர்ச் சண்டைக்கு ஒரு விவசாயியைத் தூக்கி உள்ளே வைக்கிறார்கள், அவர் மனைவி நடவு வேலையை விட்டுவிட்டு கோர்ட் வாசலில் நிற்கிறாள். வெறும் 118(1) வழக்காக இருந்தால் கைது ஏன் அவசியம் என்பதற்கான காரணத்தைப் போலீஸ் எழுதிக் காட்டியிருக்க வேண்டும். ஜாமீன் மனுவில் வக்கீல் இதைக் கட்டாயம் எழுப்ப வேண்டும், நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

ஜாமீன் கிடைத்த பிறகு இன்னொரு கூட்டம் வரும், காசுக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறேன் என்று. அந்தப் பக்கமே போகாதீர்கள், அந்த ஜாமீன்தாரர் காட்டும் வீட்டு வரி ரசீது போலி என்று தெரிந்தால் உங்கள் மேலும் கேஸ் வரலாம். உங்கள் அண்ணன், மச்சான் என்று சொந்தத்தில் இரண்டு பேரை வீட்டு வரி ரசீது, ஆதார் நகலோடு இப்போதே தயார் செய்யுங்கள். ஆள் கிடைக்காமல் ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். அப்படிப் பரிசீலிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2023-ல் கோர்ட்டுகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

கடைசியாக, அவர் தலைக் காயத்துக்கு எந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்? அந்த ஓ.பி. சீட்டு வீட்டில் எங்காவது கிடந்தால் தேடி எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். எதிர்த் தரப்பும் அடித்தது என்பதற்கு இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கிற சாட்சி அதுதான்.