பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி, வாங்கலாமா?

அன்புள்ள ஐயா,

பெங்களூர் மடிவாளாவில் இருக்கிறேன். தளிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. துப்பாக்கி உரிமம் இங்கே வாங்கிவிட்டேன். பிரேசர் டவுனில் ஒரு பெரியவர், காலமான தன் மாமனாரின் 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழலை அறுபதாயிரத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். இங்கிலாந்தில் செய்தது. குழல் முழுக்க நெளிநெளியாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது. இப்போது கடையில் கிடைக்கும் தோட்டாவும் சரியாக உள்ளே போகிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

ச., மடிவாளா

அன்புள்ள ச.,

கொடுக்காதீர்கள்.

நெளிநெளியான கோலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது டமாஸ்கஸ் குழலாகத்தான் இருக்க வேண்டும். இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பட்டையாக்கி, ஒரு கம்பியின் மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டவைத்தது. கரிமருந்துக் காலத்துக் கைவேலை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஒட்டு விழுந்த இடங்களுக்குள் நூறு வருடத் துரு ஒளிந்திருந்தால் வெளியே தெரியாது. இன்றைய தோட்டாவில் இருப்பதோ கரிமருந்து அல்ல, புகையில்லா மருந்து. குழலின் அடியில் நைட்ரோ சோதனை முத்திரை இல்லையென்றால் அந்த மருந்துக்காக அதை யாரும் சோதித்ததே இல்லை என்று அர்த்தம். முத்திரை இருந்தாலும் அது அன்றைய குழலுக்குக் கொடுத்த சான்றுதான்.

தோட்டா உள்ளே போகிறது என்பதை நம்பவே நம்பாதீர்கள். பெட்டியில் 70 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது, சுட்டபின் வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடிந்து குட்டையாக இருக்கும். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர்தான். அதிலும் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகலில் போய் அடைத்துக்கொள்ள, அழுத்தம் எகிறும். என் பெரியப்பாவின் இடதுகையில் இரண்டு விரல்கள் போனது இப்படித்தான். அந்தத் துப்பாக்கியிலும் தோட்டா சரியாகத்தான் உள்ளே போனது.

அப்புறம், மாமனார் காலமான பிறகு அந்தத் துப்பாக்கி யாருடைய உரிமத்தில் ஏறியிருக்கிறது? பெரியவரின் உரிமப் புத்தகத்தில் அதே எண் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இல்லையென்றால் விற்கும் உரிமையே அவருக்கு இல்லை. ஏறியிருந்தாலும் அவர் போலீஸுக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும், 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நீங்கள் இருப்பது கர்நாடகம், தோட்டம் இருப்பது தமிழ்நாடு. உங்கள் உரிமம் கர்நாடகத்துக்கு மட்டும் என்றால், ஆனேக்கல் தாண்டி எல்லைக்கு அந்தப்பக்கம் துப்பாக்கியோடு போனதுமே நீங்கள் குற்றவாளி. பன்றியைச் சுடுவதற்கும் இந்த உரிமம் போதாது. அதற்கு வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். தளி, ஜவளகிரி பக்கம் யானையும் வரும் என்பது உங்களுக்கே தெரியும். இருட்டில் சத்தம் கேட்ட திசையில் சுடுகிற இடமா அது?

இவ்வளவுக்கும் பிறகு துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால், உரிமம் உள்ள கடையில் 70 மில்லிமீட்டர் அறை கொண்ட, நம் நாட்டுத் தயாரிப்பாகப் பாருங்கள். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையே முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 12 போர் பம்ப் ஆக்‌ஷன் செய்கிறது. பழையதுதான் அமைகிறது என்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் ஒருவரைக் கூட்டிப்போங்கள். குழலைக் கழற்றித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டச் சொல்லுங்கள். மணி மாதிரி ஒலிக்க வேண்டும். கரகரத்தால் இரண்டு குழலையும் சேர்த்திருக்கும் பற்று விட்டிருக்கலாம். குழலைத் திரும்ப மாட்டி, அதன் அடியில் கை பிடிக்கும் முன்கட்டையை எடுத்துவிட்டு, மூடிய நிலையில் குழலை ஆட்டிப் பார்க்கட்டும். துளிகூட ஆடக்கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே குழி விழுந்திருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

முதலில் உங்கள் உரிமத்தை எடுத்து, எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.