மொத மூட்டைல மட்டும் ஏன் இடுப்பு புடிக்குது?

கேள்வி: டாக்டர், நான் குட்டி யானை ஓட்டுறேன். ஓசூர்லேருந்து காய்கறி ஏத்திக்கிட்டு விடியக்காலைல கலாசிபாளையம் மார்க்கெட் வருவேன், ஓட்டுறப்ப வலியே இருக்காது, இறங்கி மொத மூட்டைய இழுக்கும்போதுதான் படக்குன்னு இடுப்பு புடிச்சுக்குது. அப்புறம் போகப்போக சரியாயிடுது. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இடுப்புக்கு பெல்ட் போடலாமா?
- வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: மூட்டைய விடுங்க தம்பி, சிக்கல் சீட்டுலேருந்து வருது. உக்காந்திருக்கிற முதுகெலும்பு, நொடிக்கு 4லேருந்து 6 தடவை வர்ற அதிர்வுக்குதான் ரொம்ப ஆடும், வண்டி சீட்டுலேருந்து ஏறுற அதிர்வும் பெரும்பாலும் அது பக்கத்துலதான் இருக்கு. முதுகுத் தசைக்குள்ள குட்டி குட்டி சென்சார் இருக்கு, தசை எவ்வளவு நீண்டிருக்கு, எவ்வளவு வேகமா நீளுதுன்னு மூளைக்குச் சொல்றதே அதுதான், அதை விடாம குலுக்கிக்கிட்டே இருந்தா அது தப்புத் தப்பா ரிப்போர்ட் பண்ண ஆரம்பிச்சிடும். நீங்க நேரா நிக்கிறதா நினைப்பீங்க, இடுப்பு கொஞ்சம் வளைஞ்சிருக்கும். திடீர்னு பாரம் வந்தா தசை உடனே இறுகிப் புடிக்கணும் இல்லையா, அதுவும் லேட்டாகுது. ஆய்வகத்துல 20 நிமிஷம் சீட்டைக் குலுக்கினதுக்கே ஆளுங்களுக்கு இடுப்பு எந்த நிலைல இருக்குன்னு சொல்றதுல பிழை கூடிப்போச்சு, நீங்க சில்க் போர்டு டிராபிக்கையும் அத்தனை ஹம்ப்பையும் தாண்டி வர்றீங்க!

அதனால வண்டிய நிறுத்தினதும் பின்கதவைத் திறக்காதீங்க, ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் நடங்க, டீய நின்னுக்கிட்டே குடிங்க, அப்புறம் சின்ன மூட்டைலேருந்து ஆரம்பிங்க. குனிஞ்சு திரும்பி இழுக்கிறது கூடவே கூடாது. மண்டிக்காரர் கத்துவாருதான், கத்தட்டும்.

பெல்ட் எனக்குப் பெருசா இஷ்டமில்ல, சென்சார் குழப்பத்தை அது சரி பண்ணாது. அந்தக் காசை சீட் ஃபோம், ஷாக் அப்சார்பர், வண்டியத் தாங்குற ஸ்பிரிங்கான கமான் பட்டைல போடுங்க, டயர்ல காத்தையும் அளவா வைங்க. லோடுக்குன்னு செஞ்ச பட்டைங்கிறதால காலியா திரும்புறப்பதான் வண்டி இன்னும் குதிக்கும், அப்ப மெதுவா வாங்க. ஐரோப்பாவுல 2002லயே டிரைவர் உடம்புக்கு வர்ற அதிர்வுக்கு உத்தரவு போட்டு வரம்பு வச்சுட்டாங்க, உங்க ஓனர்கிட்ட சீட் மாத்தச் சொல்லும்போது இதையும் சொல்லிப் பாருங்க.

கால் மரத்துப்போறது, பலம் குறையுறது, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல்னு ஏதாச்சும் வந்தா மட்டும் இந்தக் கதையெல்லாம் வேணாம், அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.