அந்தப் பையை அவளிடமே விட்டுவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

(ஆறு வயது முதல் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, பின்னர் 26 ஆண்டுகள் இல்லங்களில் பராமரிப்பாளராக இருந்தவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அன்புள்ள அக்கா, வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தெடுக்காமல் எங்களிடம் வளர்வதற்காக, 9 வயதுப் பெண் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வரும்போது ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். உள்ளே உடைந்த சீப்பு, இரண்டு கிழிந்த சட்டை, அவள் அம்மாவின் பழைய சால்வை. ஒரே நாற்றம். துவைக்கக்கூட விடமாட்டேன் என்கிறாள். மாதம் இரண்டு முறை அவள் அம்மா வந்து பார்க்கிறார். அன்று இரவு முழுக்க அழுகைதான், மறுநாளும் யாரோடும் பேசுவதில்லை. இந்தச் சந்திப்பை நிறுத்தினால்தான் நம்மோடு ஒட்டுவாள் என்கிறார் கணவர். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் தங்கச்சி. அவளாகச் சொல்கிற வரை துவைக்கவும் வேண்டாம். உங்களுக்கு நாற்றமாகத் தெரிவது அவளுக்கு அம்மாவின் வாசனை. துவைத்தால் அது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

என்னை ஹோமில் சேர்த்த அன்று நான் ஒரு நீலக் கவுன் போட்டிருந்தேன். குளிக்கவைத்து, வேறு உடுப்பு கொடுத்தார்கள். அதன் கழுத்துப் பட்டையில் சிவப்பு நூலால் 41 என்று தைத்திருந்தது. தட்டில் 41, போர்வையில் 41. போர்வை நல்ல போர்வைதான், யாரும் என்னை அடிக்கவும் இல்லை. ஆனால் என் கவுன் எங்கே என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், ஒருவரும் பதில் சொன்னதில்லை. இன்றும் எனக்குத் தெரியாது.

ஐக்கிய நாடுகள் சபை 2009இல் மாற்றுப் பராமரிப்பில், அதாவது பெற்றோரிடம் இல்லாமல் வேறு குடும்பத்திலோ இல்லத்திலோ, இருக்கும் குழந்தைகளுக்காக வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. பெரிய பெரிய விஷயங்களுக்கு நடுவே, குழந்தையின் சொந்தப் பொருள்களைப் பத்திரமாக வைக்க இடம் தர வேண்டும் என்று அதில் தனியாக எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் கவுன்தான் ஞாபகம் வந்தது. உங்கள் வீட்டில் ஒரு அலமாரித் தட்டை அவளுக்கு என்று ஒதுக்குங்கள். பூட்டு போடுங்கள், சாவி அவளிடம் இருக்கட்டும். நாற்றம் தாங்கவில்லை என்றால் மூடி போட்ட டப்பா ஒன்றை வாங்கிக் கொடுத்து, “இதில் வைத்தால் சால்வை பத்திரமாக இருக்கும், உனக்குச் சம்மதமா?” என்று கேளுங்கள். அவளைக் கேட்காமல் மட்டும் செய்துவிடாதீர்கள்.

சந்திப்பு விஷயத்தில் உங்கள் கணவர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவை மறந்தால்தான் உங்களிடம் ஒட்டுவாள் என்று கணக்குப் போடக் கூடாது. பிரிந்து வாழும் குழந்தை தாய் தகப்பனோடு தொடர்ந்து தொடர்பு வைத்துக்கொள்வது அதன் உரிமை. ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. குழந்தையின் நலனுக்குக் கேடு என்றால் மட்டுமே அதை நிறுத்தலாம். அதையும் நீங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

அழுகையில் இரண்டு வகை உண்டு. அம்மா போன பிறகு அழுவது ஏக்கம். அம்மா வருவதற்கு முந்தைய நாளே வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், போகமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொள்வது – இது பயமாக இருக்கலாம். இரண்டாவதைப் பார்த்தால் உடனே அவளுடைய பொறுப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை. சந்திப்பு நாளின் மாலையில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். “அழாதே” என்று சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்து அம்மா வரும் தேதியைக் காலண்டரில் அவள் கையாலேயே வட்டம் போடச் சொல்லுங்கள். தேதி கண்ணெதிரே இருந்தால் இரவு கொஞ்சம் சின்னதாகும்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். அவள் பிறந்த இடம், இருந்த வீடுகள், படித்த வகுப்பு, கூட இருந்தவர்களின் பெயர், போட்டோ, எல்லாம் அதில் போகட்டும். வாழ்க்கைக் கதைப் புத்தகம் என்று இதைச் சொல்வார்கள், நான் சொன்ன வழிகாட்டுதல்களிலும் இருக்கிறது. என் பொறுப்பில் இருந்த ஒரு பையனுக்கு முதல் மூன்று வருடத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை. மூன்று பக்கத்தை வெறுமனே விட்டோம். ஒருநாள் இரண்டாவது பக்கத்தில் அவனே ஒரு நாய் வரைந்து வைத்திருந்தான். “நாய் இருந்துச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்கு” என்றான்.

கேள்வி: என் தம்பி இறந்துவிட்டான். அவன் மனைவிக்கு நிலையான வருமானம் இல்லை. குழந்தைகளுக்கு 8 வயது, 2 வயது. இருவரையும் நல்ல இல்லத்தில் சேர்த்தால் படிப்பாவது கிடைக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். சரிதானா?
– குழந்தைகளின் பெரியப்பா

பதில்: சரியில்லை ஐயா. தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளிடமிருந்து தாயையும் பிரிக்க வேண்டாம். வறுமை ஒன்றையே காரணமாக வைத்துக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, அந்தக் குடும்பத்துக்குத்தான் உதவி போக வேண்டும் என்பது 2009 வழிகாட்டுதல்களின் ஆதார விதி. நான் வேலை பார்த்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். “படிப்பு முடியட்டும்” என்று விட்டுப் போனவர்கள்தான் அதிகம். முதல் வருடம் மாதாமாதம் வருவார்கள். மூன்றாவது வருடம் போனோடு சரி.

இரண்டு வயதுக் குழந்தையைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாற்றுப் பராமரிப்பு தேவைப்பட்டாலும் அது ஒரு குடும்பத்தில்தான் அமைய வேண்டும். ருமேனியாவில் பெரிய நிறுவனங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள், மனிதர்களோடு ஒட்டி உறவாடுவதில் நன்றாகத் தேறினார்கள்.

உறவினர்கள் இத்தனை பேர் கூடிப் பேசுகிறீர்களே, மாதம் ஆளுக்கு ஒரு தொகை என்று முடிவு செய்து தாய் கையில் கொடுங்கள். அரசு உதவிகளுக்கு விண்ணப்பிக்க அவரோடு நீங்கள் போங்கள். அந்த எட்டு வயதுக் குழந்தையையும் உட்காரவைத்து, அது என்ன நினைக்கிறது என்று கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: மகனின் பிறந்தநாளை இல்லக் குழந்தைகளோடு கொண்டாடி, படங்களை ஃபேஸ்புக்கில் போட விரும்புகிறோம். மற்றவர்களுக்கும் உதவும் எண்ணம் வருமே?

பதில்: படம் வேண்டாம். நாங்கள் வரிசையில் நின்று முகம் தெரியாத பிள்ளைகளுக்குக் கைதட்டியிருக்கிறோம். மறுநாள் வகுப்பில் “போட்டோவில் உன்னைப் பார்த்தேன், நீ ஹோம் பிள்ளையா?” என்று ஒருத்தி கேட்டாள். அதற்குப் பிறகு போட்டோ எடுக்க யார் வந்தாலும் கழிவறைக்குப் போய்விடுவேன். ஹோமில் இருப்பதை யாரிடம் சொல்வது என்பது அந்தப் பிள்ளை முடிவு செய்ய வேண்டியது. உதவ மனம் இருந்தால் கேமரா இல்லாமல் இல்லப் பொறுப்பாளரைப் போய்ப் பாருங்கள், எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று கேட்டு, சத்தமில்லாமல் செய்யுங்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 17 வயது. நான்கு மாதத்தில் 18 முடிந்து இல்லத்தை விட்டுப் போக வேண்டும். எங்கே போவது என்று யாரும் பேசவில்லை. 13 வயதுத் தங்கை வேறு இல்லத்தில் இருக்கிறாள். மூன்று வருடத்தில் இரண்டு முறைதான் பார்த்தேன். எதையெல்லாம் நான் கேட்கலாம்?

பதில்: தம்பி, எல்லாவற்றையும் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள், தேதி போடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றிய முடிவில் உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு. வெளியேறும் பிள்ளையைத் தயார்ப்படுத்தும் வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டும், அதற்கென்று ஓர் ஆள் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் 2009 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. “என் பொறுப்பாளர் யார்?” என்று முதல் வரியிலேயே கேளுங்கள்.

பிறகு காகிதங்கள். பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், மருத்துவக் குறிப்புகள், உங்களைப் பற்றிய கோப்பின் நகல். உங்கள் சின்ன வயதுப் போட்டோ இல்லத்தில் எங்காவது இருந்தால் அதையும் கேளுங்கள். முதல் நாள் இரவு எங்கே தூங்குவீர்கள், நடுராத்திரி காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வீர்கள் – இந்த இரண்டுக்கும் பெயரும் முகவரியும் கிடைக்கும் வரை விடாதீர்கள். இல்லத்தில் யாரும் காது கொடுக்கவில்லை என்றால், மேற்பார்வை செய்யும் அரசு அதிகாரிக்கு அதே கடிதத்தை அனுப்புங்கள். அதற்கு உங்களைத் தண்டிக்க யாருக்கும் உரிமை இல்லை.

தங்கையைப் பற்றி. என் தம்பி பையன்கள் ஹோமில் இருந்தான். பதினோரு வருடம் கழித்துப் பார்த்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு, “நீங்க உட்காருங்க” என்றான். ‘நீங்க’ என்றான். கூடப்பிறந்தவனுக்கு நான் யாரோ ஒரு விருந்தாளி. அவன் என்னை ‘நீ’ என்று கூப்பிட இன்னும் இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது. கூடப்பிறந்தவர்களைப் பிரித்து வைக்க வேண்டிய நிலை வந்தாலும் தொடர்பு அறுந்துபோகக் கூடாது என்பதும் விதிதான். அவள் கோப்பில் அண்ணன் என்று உங்கள் பெயரையும் போன் நம்பரையும் ஏற்றச் சொல்லுங்கள். நீங்கள் வெளியேறுவதற்கு முன்பே அடுத்த மூன்று சந்திப்புத் தேதிகளை எழுதி வாங்குங்கள். இடையில் அவளுக்குக் கடிதம் எழுதுங்கள், என்ன சாப்பிட்டாய், எந்தப் பாடம் பிடிக்கவில்லை என்று சாதாரணமாக எழுதினாலே போதும்.

அவளைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள். அவள் ‘நீ’ என்றாளா என்று எனக்குத் தெரிய வேண்டும்.